கோர்பெலா வீட்டுச் சுவர்

ஹார்கரில் ஒருவன் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால், தொப்பி நன்றாயிருக்கிறதா என்று யாரும் பார்க்கமாட்டார்கள். சம்பளத்தில் வந்ததா, சுரங்கத்தில் திருடினதில் வந்ததா என்றுதான் பார்ப்பார்கள். காலுக்கடியில் தங்கம் இருக்கிற ஊரில் அப்படித்தான். ஷிப்ட் முடிந்து மேலே வருகிற ஆட்கள் ஒரு கொட்டகையில் வேலை உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிறந்த மேனியாக நடந்து அடுத்த கொட்டகைக்குப் போய்த்தான் வீட்டு உடுப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். நடுவில் கம்பெனிக் காவல்காரன் பெய்ன் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். தலைமுடியைக் கோதச் சொல்வான், வாயைத் திறக்கச் சொல்வான், கால் விரல்களை விரிக்கச் சொல்வான். என் புருஷன் ஒவிலா சுரங்கக் கிணற்றில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டில் வேலை பார்த்தான். கல்யாணமான புதிதில் என்னிடம் சொன்னான்: "ஓலேனா, என் உடம்புல எங்கெங்க மச்சம் இருக்குன்னு உனக்கு முன்னாடியே பெய்னுக்குத் தெரியும்."

அப்படிப்பட்ட ஊரில் ஹில்யா கோர்பெலாவின் வீட்டின்மேல் கண் விழாமல் இருக்குமா?

எங்கள் வீட்டுக்கு அடுத்தாற்போல் ஏரிக்கரையில் இருந்தது அந்தக் கட்டைவீடு. ஹார்கரின் முதல் வீடு அதுதான். ரயில் வருவதற்கு முன்னாலேயே ஹில்யாவின் மாமனார் பின்லாந்திலிருந்து வந்து, ஏரி ஏரியாகப் படகு தள்ளி இங்கே சேர்ந்து, தமராக் மரங்களை வெட்டிக் கோடரி ஒன்றாலேயே செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. முதலில் தங்கம் கண்டவர்கள் அந்த வீட்டுத் தரையில்தான் படுத்துத் தூங்கினார்கள். பிறகு கம்பெனி வந்தது. பலகை வீடுகள் வரிசை வரிசையாக வந்தன. கோர்பெலாக்கள் மட்டும் கட்டைவீட்டை விட்டு நகரவில்லை. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் பாசியைத் திணித்து இடுக்கை அடைத்திருப்பார்கள். அது வருஷத்துக்கு வருஷம் காய்ந்து சுருங்கும். எலி இழுத்துக்கொண்டு போகும். இலையுதிர்காலம் வந்தால் சதுப்பில் புதுப்பாசி பறித்து வந்து மரஆப்பு வைத்துத் தட்டித் தட்டி அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜனவரியில் தலையணையில் உறைபனி பூத்திருக்கும்.

ஹில்யாவின் புருஷன் ஆர்மஸ், கம்பெனி ஆலையில், தங்கத்தை உருக்கி வார்க்கிற இடத்தில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தார். பேச்சு குறைவு. குடிக்கிறதில்லை. காரும் வாங்கவில்லை. நெஞ்சில் கல்தூசி சேர்ந்து, அந்த வருஷம் மே மாதம், ஏரியில் பனிக்கட்டி உடைகிற வாரத்தில் போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து ஊருக்கு ஒரே பேச்சு.

"ஆயுசு பூரா தங்கத்துக்குப் பக்கத்துலயே நின்னவன். எலி மாதிரி வாழ்ந்துட்டுப் போனான். சேத்தது எங்க?" என்றான் ஒவிலா, ஒருநாள் பட்டாணி சூப்பை உறிஞ்சிக்கொண்டே.

"சேக்கலேன்னு அர்த்தம்" என்றேன்.

"அட, உனக்கு ஒண்ணும் தெரியாது. எடுத்துச் செலவு பண்றவன் மாட்டிக்குவான். எடுத்துச் செலவே பண்ணாதவன்தான் பெரிய கை. அந்த வீட்டுத் தரைக்குக் கீழ இருக்கு. எங்க ஷிப்டுல கேட்டுப் பாரு."

"உங்க ஷிப்டுல எவனாவது போய்ப் பாத்தானா?"

"பாக்க விட்டாத்தானே!"

செப்டம்பர் நடுவில் ஒருநாள் ஹில்யா என் சமையலறைக்கு வந்தாள். அவள் சுலபத்தில் அடுத்தவர் வீட்டு நாற்காலியில் உட்காருகிறவள் இல்லை. வந்ததும் உட்கார்ந்தாள். காப்பி கொடுத்தேன். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொண்டு, காப்பியைச் சாசரில் ஊற்றி ஊதினாள்.

"வீடு வேணுமாம்" என்றாள்.

"எந்த வீடு?"

"நான் இருக்கற வீடுதான். ஊருக்கு அம்பது வயசாகுதாம். கம்பெனி மேனேஜர் சம்சாரம் மிசஸ் ஹேல் கமிட்டி வச்சிருக்கா. என் வீட்டை அப்படியே தூக்கிட்டுப் போய்ப் பார்க்குல வச்சு ஜனங்களுக்குக் காட்டணுமாம்."

"உன்னையும் சேத்தா?"

"நான் பழசுதான். ஆனா போதுமான அளவு பழசு இல்லையாம்." சிரிக்காமல் சொன்னாள். "பதிலுக்குக் கம்பெனி வரிசையில ஒரு வீடு குடுப்பாங்களாம். குழாய்த் தண்ணி. எண்ணெய் அடுப்பு. விறகு வெட்ட வேண்டியதில்ல."

"நல்லதுதானே, ஹில்யா? உனக்கு முட்டி வலி வேற."

"கம்பெனி எவனுக்காவது ஒரு ஆணிய சும்மா குடுத்துப் பாத்திருக்கியா?" சாசரைக் கீழே வைத்தாள். "கேளு. தூக்கறதுக்கு முன்னால தரைப்பலகைய எல்லாம் பேத்து எடுப்பாங்களாம். பெய்ன் கூட நிப்பாராம். எதுக்குன்னு கேட்டேன். 'சும்மா ஒரு மரியாதைக்கு'ன்றா அந்தம்மா. என் புருஷன் பொணத்துக்கு மரியாதை பண்ண வராத ஆளு, என் வீட்டுப் பலகைக்கு மரியாதை பண்ண வர்றானாம்."

ஒவிலா சொன்னதெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் அப்படித்தான் நெனைக்கறியா?" என்றாள்.

"நான் எதுவும் நெனைக்கல."

"நெனைக்காம இருக்க முடியாது. நானே நெனைக்க ஆரம்பிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

அடுத்த வாரமே ஆர்மஸின் தம்பி ரெய்னோ பஸ்ஸில் வந்து இறங்கினான். சட்பரியில் வேலையாக இருந்தவன். இளவயதில் இரண்டொரு குளிர்காலம் எங்கள் சுரங்கத்தில் கல் அள்ளிப் போட்டான். அப்புறம் ஒரு வசந்தத்தில் அண்ணனுக்கும் அவனுக்கும் என்னவோ ஆகி ஊரை விட்டே போய்விட்டான். குடிதான் காரணம் என்று ஹில்யா நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் வரவே இல்லை. அண்ணன் சாவுக்கும் வரவில்லை. இப்போது அரைநரை, ஒரு பக்கம் சாய்ந்த முதுகு, கையில் ஒரு துணிப்பை.

"பேப்பர்ல போட்டிருந்தான், ஹில்யா. அப்பா கட்டின வீட்டைத் தூக்கப் போறாங்கன்னு. தூக்கறப்போ ஒடஞ்சிடக் கூடாது பாரு. கூட இருந்து ஒத்தாசை பண்ணலாம்னு வந்தேன்."

"உங்க அண்ணன் செத்ததும் பேப்பர்ல போட்டிருந்தானே" என்றாள் அவள்.

அவன் தொப்பியைக் கழற்றினான். அவள் அவனை வீட்டுக்குள் படுக்க விடவில்லை. பின்னால் இருந்த சவுனா என்கிற ஆவிக்குளியல் கொட்டகையில் பாயைப் போட்டுக் கொடுத்தாள்.

"பொணத்துக்கு வராதவன் வீட்டுக்கு வர்றான்" என்றான் ஒவிலா. "மூக்குல வேர்த்திருச்சு அவனுக்கு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காவல் காத்தார்கள். நான் கண்ணால் பார்த்தது இது. ரெய்னோ நல்ல வேலைக்காரன், இல்லை என்று சொல்லமுடியாது. விறகைப் பிளந்து கூரையோரம் வரைக்கும் அடுக்கினான். மக்கிப்போன அடிக்கட்டையைச் சுரண்டிக் காற்றாட விட்டான். டர்னிப்பைத் தோண்டி மண் தட்டிக் கூடையில் போட்டான். ஆனால் அவன் கோடரியை ஓங்கும்போதெல்லாம் ஹில்யா ஜன்னலில் நிற்பாள். அவள் கிணற்றுக்குப் போனால் அவன் வேலையை நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பான். ஏரியில் வெள்ளைமீன் கரைக்கு வருகிற காலம். எல்லோரும் குளிர்காலத்துக்கு மீன் உப்புப் போட்டுக்கொண்டிருந்தோம். ஹில்யா மட்டும் வலை போட வரவில்லை.

"என்னடி, இந்த வருஷம் மீன் வேண்டாமா?" என்று கேட்டேன்.

"போனா வீட்டுல அவன் தனியா இருப்பான்."

"கூடக் கூட்டிட்டு வா."

"வர மாட்டேங்கறான். முதுகு வலியாம். விறகு பொளக்க மட்டும் முதுகு இருக்கு."

கடைசியில் என்னைக் காவலுக்கு உட்காரச் சொன்னாள். கடைக்குப் போய் மாவும் உப்பும் வாங்கிவர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. நான் பின்னலை எடுத்துக்கொண்டு போய் அவள் அடுப்பருகில் உட்கார்ந்தேன். ரெய்னோ உள்ளே வந்து, என்னைக் கண்டதும் நின்றான். பிறகு தண்ணீர் குடித்தான். பிறகு சும்மா சுற்றிப் பார்ப்பதுபோல் நடந்து ஹில்யாவின் கட்டிலுக்குப் பின்னால் போனான். நான் கண்ணைப் பின்னலில் வைத்துக்கொண்டு காதை அங்கே வைத்தேன். சுவரை விரலால் தட்டுகிற சத்தம். கட்டையைத் தட்டினால் அப்படிக் கேட்காது. இடுக்கைத் தட்டுகிறான்.

"என்ன பாக்கற, ரெய்னோ?"

"காத்து வருதான்னு பாக்கறேன்."

"வருதா?"

"இல்ல. அண்ணன் நல்லா அடைச்சிருக்கான்" என்றான். அவன் குரல் ஒருமாதிரி இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். காற்று வராததற்குச் சந்தோஷப்படுகிற முகமாக அது இல்லை.

ஹில்யா வந்ததும் சொன்னேன். அவள் மாவுப் பையைக் கீழே வைக்காமலேயே கட்டிலைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே கூட்டிப்போனாள்.

"நாளைக்கு ஒவிலாவுக்கு லீவுதானே? எனக்காக ஒரு வேலை பண்ணச் சொல்லு. ரெய்னோவ வலை இழுக்கக் கூட்டிட்டுப் போகட்டும். வர முடியாதுன்னா, தனியாப் போனா படகு கவுந்துரும்னு சொல்லட்டும். எப்படியாவது கூட்டிட்டுப் போகட்டும்."

ஒவிலாவுக்கு இந்த மாதிரி வேலை என்றால் சர்க்கரை. மறுநாள் காலையில் ஏரியில் கரையோரம் கண்ணாடித்தாள் போல முதல் பனி படிந்திருந்தது. இரண்டு பேரும் துடுப்பால் அதை உடைத்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு நான் ஹில்யா வீட்டுக்குப் போனேன். அவள் கட்டிலை ஏற்கெனவே நகர்த்தியிருந்தாள்.

இடுக்கில் கத்தியை விட்டுப் பாசியை நெம்பினாள். கயிறு கயிறாக வந்தது. கொஞ்ச நேரத்தில் கத்தி எதிலோ இடறியது. கையை விட்டு இழுத்தாள். தட்டையான புகையிலை டப்பா ஒன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. கட்டையின் உட்பக்கத்தைக் குடைந்து அதற்காகவே இடம் பண்ணியிருந்தது. டப்பாவைத் திறந்தாள். ஃபிளானல் துணி. துணிக்குள் சப்பட்டையான, கரடுமுரடான மஞ்சள் வில்லைகள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு. நான் சுரங்க ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அன்றுதான் முதன்முதலாகத் தங்கத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். அழகாக இல்லை.

"ஐயோ, ஹில்யா" என்றேன். "ஊர் சொன்னது சரிதான்."

அவள் தங்கத்தைப் பார்க்கவே இல்லை. தரையில் விழுந்து கிடந்த பாசியைக் கையில் எடுத்துக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"இது புதுசு" என்றாள். "பாரு, இன்னும் மெத்துமெத்துன்னு இருக்கு. போன வருஷம் நானும் அவரும்தான் சதுப்புல பறிச்சோம். ரெண்டு அடி நடந்தா மூச்சு நிக்கும் அவருக்கு. மத்த சுவரெல்லாம் நான் அடைச்சேன். இந்தச் சுவர மட்டும் என்னைத் தொட விடல. 'உன் தலைமாட்டுச் சுவரு, நான் அடைக்கறேன்'னாரு. மண்டி போட்டுக்கிட்டு, இருமிக்கிட்டே அடைச்சாரு. என் மேல இருக்கற பிரியத்துல பண்றாருன்னு நெனச்சேன், ஓலேனா. வருஷா வருஷம் அப்படித்தான் நெனச்சேன்."

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சாரா சீக்கா கெடந்தப்போ இது இங்க இருந்திருக்குமா?"

அப்போதுதான் அவள் எதைக் கண்டு பயந்துகொண்டிருந்தாள் என்று எனக்குப் புரிந்தது. சாரா அவர்களுக்கு ஒரே பெண். யுத்தம் முடிந்த பிறகு ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுக்கட்டு வந்து இதே கட்டிலில் கிடந்தாள். புதிதாக ஒரு மருந்து வந்திருக்கிறது, டொரண்டோவுக்குக் கொண்டுபோனால் பிழைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். கோர்பெலாக்களிடம் அதற்கு வசதி இல்லை. மாதா கோயிலிலும் யூனியனிலும் கேட்டுப் பணம் சேர்ப்பதற்குள் பெண் போய்விட்டது.

"அந்தப் பொண்ணு இந்தச் சுவர்ல தலைய வச்சு இருமிச்சு" என்றாள் ஹில்யா. "இங்க. இந்த எடத்துல."

ஊர் முழுக்க அந்த வீட்டில் தங்கம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தபோது, இருக்கக் கூடாது என்று நினைத்தவள் அவள் ஒருத்திதான்.

மத்தியானம் ரெய்னோ மீன் கூடையோடு உள்ளே வந்தான். நகர்ந்த கட்டில், தரையில் பாசி, மேசைமேல் டப்பாக்கள். கூடையை மெதுவாகக் கீழே வைத்தான். நான் எழுந்தேன்.

"நீ இரு, ஓலேனா" என்றாள் ஹில்யா. "நாளைக்கு நானே இதக் கனவுன்னு நெனச்சிடக் கூடாது." அவன் பக்கம் திரும்பினாள். "இதுக்குத்தானே வந்த?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

"யாரோடது?"

"என்னோடது. நான் கீழ வேலை பாத்தப்போ எடுத்தது. சாப்பாட்டு டப்பாவோட அடித்தட்டுல வச்சுக் கொண்டுவந்து சவுனா அடுப்புல உருக்கினேன். அண்ணனுக்கு எதுவும் தெரியாது, ஹில்யா. சத்தியமா. நீங்க ரெண்டு பேரும் பெர்ரி பறிக்கப் போயிருந்தப்போ சுவரக் கொடஞ்சு வச்சேன்."

அவள் தரையிலிருந்த பாசியை எடுத்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இதத் தொட்டுப் பாரு. இது போன வருஷத்துது. அவரு கையால வச்சது. தெரியாதுன்றியா?"

ரெய்னோ பாசியைத் தொடவில்லை. மீன் ஈரம் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அடுப்பில் கட்டை வெடித்தது. கடைசியில் பேசினான்.

"தெரியும். சாரா படுத்துக் கெடந்தப்போ கண்டுபிடிச்சான். அவளுக்குக் காத்து படக் கூடாதுன்னு சுவர அடைக்கப் போனப்போ கையில பட்டிருக்கு. என் கிட்ட வந்தான். அடிக்கல. திட்டல. 'இத யாருகிட்ட விக்கறதுன்னு சொல்லு, கொழந்தைய டொரண்டோவுக்குக் கூட்டிட்டுப் போகணும்'னான்."

ஹில்யாவின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"அந்த வாரம்தான் ரெண்டு பேர பெய்ன் புடிச்சிருந்தான். திருட்டுத் தங்கம் வாங்கற ஆளு பயந்து போயிருந்தான். நானும் பயந்துட்டேன். 'ஒரு மாசம் பொறு'ன்னேன். 'பேர மட்டும் சொல்லு, நானே போறேன், மாட்டினா நான் மாட்டறேன்'னான். நான் சொல்லல." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "காலப் புடிச்சான், ஹில்யா. ஆர்மஸ் என் காலப் புடிச்சான். நான் அந்தப் பேரச் சொல்லல. மாசம் முடியறதுக்குள்ள அவ போயிட்டா."

"அப்புறம்?"

"பனி உருகினப்போ என்னை வெளிய போகச் சொன்னான். 'இது இந்தச் சுவர்லயே கெடக்கும். நான் உசிரோட இருக்கற வரைக்கும் நீ இதத் தொட மாட்ட. இந்த வாசல்ல கால வச்சா நானே பெய்ன் கிட்ட போவேன்'னான். அதான் வரல. பொணத்துக்கும் வரல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

"இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்த?"

"முதுகு போச்சு. வேலை போச்சு. வேற ஒண்ணும் இல்ல என்கிட்ட."

அவன் பொய் சொல்கிறானா என்று நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் புத்தி அப்படித்தானே ஓடும்? முதலில் சொன்னது அவனுக்கும் நல்லது, செத்தவனுக்கும் நல்லது. அப்படியே விட்டிருக்கலாம். இரண்டாவதாகச் சொன்னதில் அவனுக்கு ஒரு லாபமும் இல்லை.

ஹில்யா டப்பாக்களை அவன் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துக்கோ. பஸ்சு சாயங்காலம் போகுது. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். இவளும் சொல்ல மாட்டா."

அவன் டப்பாக்களைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். எட்டிப் பார்த்தேன். கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து மீனைக் கிழித்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் பஸ் போகும்போதும் உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்கிக்கொண்டுதான் இருந்தான்.

மறுநாள் காலையில் முகத்தைச் சவரம் செய்துகொண்டு, டப்பாக்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கம்பெனி ஆபீசை நோக்கி நடந்தான். ஹில்யா அவனுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளியே நடந்தாள். அதைக்கூட அவனை நம்பி விட அவளுக்கு மனசு இல்லை. என்னையும் கூப்பிட்டாள். தெருவில் திரைச்சீலை ஒவ்வொன்றாக விலகிற்று.

பெய்ன் அறையில் மிசஸ் ஹேலும் இருந்தார். வீட்டைத் தூக்குவது பற்றிப் பேச வந்தவர். ரெய்னோ டப்பாக்களை மேசையில் வைத்தான். எல்லாவற்றையும் சொன்னான், சுரங்கத்தில் எந்த மட்டத்தில் எடுத்தான், எப்படிக் கொண்டுவந்தான், எங்கே உருக்கினான் என்று. சாராவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டாம் என்று வழியிலேயே ஹில்யா சொல்லிவிட்டாள். அது இந்த ஆட்களுக்கு இல்லை என்றாள்.

பெய்ன் ஒரு வில்லையை எடுத்து நகத்தால் சுரண்டினான். நாற்காலியில் சாய்ந்தான். சிரித்தான்.

"உங்கண்ணன் குடுத்து வச்சவன்யா."

"எங்கண்ணனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"நீ இங்க எத்தனை நாளு வேலை பாத்த? கல்லு அள்ளினவன். உங்கண்ணன் உருக்கற எடத்துலயே ஆயுசு முழுக்க நின்னவன். நான் என்ன நேத்து பொறந்தவனா? செத்தவன் பேரு கெடக் கூடாதுன்னு நீ உன் தலையில போட்டுக்கற. நல்ல மனசு. ஆனா வேண்டாம். செத்தவன் மேல கம்பெனி கேஸ் போடப் போறதில்ல. ஊருக்கு விழா நடக்கற வருஷம் வேற."

"நான்தான்யா திருடினேன்!" ரெய்னோ மேசையை அடித்தான். "என்னைப் புடிச்சு உள்ள போடு!"

மிசஸ் ஹேல் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு தம்பி" என்றார்.

நான் ஹில்யாவைப் பார்த்தேன். வாயைத் திறப்பாள் என்று நினைத்தேன். திறந்தாள்.

"அவன் சொல்றது நெசம்" என்றாள். "எம் புருஷன் ஒரு துணுக்கு எடுத்தவர் இல்ல."

"நீங்க அப்படித்தானே சொல்லணும், மிசஸ் கோர்பெலா" என்றான் பெய்ன், ரொம்ப மரியாதையாக.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. கடையில் மாவு நிறுக்கிறவள் சொன்னாள், ஆர்மஸ் கோர்பெலா இத்தனை வருஷம் எல்லோர் கண்ணிலும் மண்ணைத் தூவியிருக்கிறான் என்று. ஷிப்டில் சொன்னார்கள், தம்பி இருந்தால் ரெய்னோ மாதிரி இருக்க வேண்டும் என்று. அவன் தெருவில் போனால் தொப்பியைத் தொட்டார்கள். சாராயக் கடையில் அவனுக்கு யாராவது வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவன் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தான்.

"ரெண்டு டப்பாவக் காட்டிட்டாங்க" என்றான் ஒவிலா. "அப்ப காட்டாதது எவ்வளவு இருக்கும்னு கணக்குப் போடு."

"நீ வாய மூடிக்கிட்டுச் சாப்பிடு" என்றேன். நான் பார்த்ததை, கேட்டதை எல்லாம் அவனுக்குச் சொன்னேன். அவன் ரொட்டியைப் பிய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். முடிவில், "உன்னையும் நல்லா நம்ப வச்சிட்டாங்களே!" என்றான்.

ஹில்யா வீட்டைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டாள். தரைப்பலகையைப் பெயர்த்தார்கள். பெய்ன் நின்றான், பாதி ஊர் நின்றது. எலிக்கூடு, ஒரு எலும்புச் சீப்பு, கறுத்த மண், அவ்வளவுதான். ஏரி நன்றாக இறுகிய பிறகு அடியில் சறுக்குக்கட்டை கொடுத்து, டிராக்டர் கட்டி, வீட்டைப் பனிக்கட்டிமேல் பார்க்குக்கு இழுத்துப் போனார்கள். ரெய்னோ அதுவரைக்கும் இருந்தான். முன்னால் நடந்து பனியைத் தட்டித் தட்டிப் பார்த்து வழி சொன்னான். வீடு கிறீச்சிட்டு முனகிக்கொண்டு போனது. ஒரு கட்டைகூட அசையவில்லை. ஹில்யா கரையில் நின்று பார்த்தாள். வீடு நின்ற இடத்தில் மறுநாளே ஆட்கள் விறகு போட்டு எரித்து, உறைந்த மண்ணை இளக்கித் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். ஒவிலாவும் மண்வெட்டியோடு போனான். நான் தடுக்கவில்லை.

ரெய்னோ ஊருக்குப் போகிற அன்று ஹில்யா பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போனாள். நானும் கூடப் போனேன். தூளாகப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரன் வெளியே வந்து ரெய்னோவின் கையைக் குலுக்கி, "எங்க ஊர மறந்துடாத" என்றான். டிரைவர் இறங்கி அவனுடைய துணிப்பையைத் தானே வாங்கி மேலே வைத்தான்.

ரெய்னோவின் முகம் கடுகடுவென்றிருந்தது.

"எல்லார் கிட்டயும் சொல்லிட்டேன், ஹில்யா. பாதிரியார் கிட்ட கூடச் சொன்னேன். அவரும் என் தோளத் தட்டிக் குடுக்கறாரு. ஒருத்தன் நம்ப மாட்டேங்கறான்."

ஹில்யா அவனுடைய கோட்டுக் காலரில் விழுந்திருந்த பனியைத் தட்டிவிட்டாள். குழந்தைக்குத் தட்டுகிற மாதிரி இல்லை. வேலையை முடிக்கிற மாதிரி.

"நான் நம்பறேன்" என்றாள். "நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நம்பறேன், ரெய்னோ. அவரு உன் காலப் புடிச்சதையும் சேத்து."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸில் ஏறினான். ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. அவன் அங்கே உட்காராமல் பின்னால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.